துண்டிலிருந்து பதிவேட்டுக்கு

மலையகத்துப் பாடசாலைகளிலே பணிபுரியும் ஆசிரிய நண்பர்கள் நன்கறிந்த காட்சி ஒன்றுடன் தொடங்குவோம். பதுளையிலோ, பசறையிலோ, அப்புத்தளையிலோ, பழைய மாணவி ஒருத்தி ஒரு மாலை வேளையில் ஆசிரியர் வீட்டுக்கு வருகின்றாள். மூன்றாண்டுத் தாதியர் பயிற்சியை அண்மையில் முடித்தவள். அவள் கையிலே ஒரு கோப்பு இருக்கின்றது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு, பயிற்சிச் சான்றிதழ், தாதியர் சபையின் பதிவுச் சான்றிதழ் எல்லாம் அதிலே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. "சேர், பிறப்புப் பத்திரத்துல அம்மா பேரு ஒரு மாதிரி இருக்கு, மத்ததுல வேற மாதிரி இருக்கு. இங்கிலாந்துல பதியணும்னா எல்லாம் ஒண்ணா இருக்கணுமாம்" என்கின்றாள்.

ஆசிரியர் சமாதான நீதவானிடம் அழைத்துச் செல்கின்றார். "இவ்விரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும்" என்று சத்தியக் கடதாசி எழுதப்படுகின்றது. ஒரு எழுத்தின் பிழையைத் திருத்த ஒரு நாட் கூலி போய்விடுகின்றது. அந்தப் பிழை அவளுடையதன்று, அவள் தாயுடையதுமன்று. தமிழ்ப் பெயரைத் தமக்குக் கேட்டவாறு வேற்று மொழியில் எழுதிய இலிகிதர் எவரோ விட்டுச் சென்றது அது.

இதே வேளையில், நகரத்துத் தேநீர்க் கடைகளிலும் பத்திரிகைகளிலும் வேறொரு பேச்சும் நம் காதில் விழுகின்றது. "அரசாங்கத்தின் செலவிலே படித்துவிட்டு, நாட்டுக்குப் பட்ட கடனைத் தீர்க்காமல் ஓடுகிறார்கள்" என்பதே அப்பேச்சு. கடன் என்ற சொல் இங்கே வந்துவிட்டது. ஊவாத் தோட்டங்களின் வரலாற்றை அறிந்த எவரும் அச்சொல்லைக் கேட்டுச் சற்றே நின்று யோசிக்க வேண்டியவராவர். யார், யாருக்கு, எவ்வளவு கடன் பட்டிருக்கின்றனர்? இக்கணக்கை முதல் ஏட்டிலிருந்தே நாம் புரட்டிப் பார்ப்போம்.

1817-18இல் ஊவா வெல்லஸ்ஸையிலே எழுந்த கிளர்ச்சியைப் பிரித்தானியர் நெருப்பாலும் பஞ்சத்தாலும் அடக்கினர். பின்னர் 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் சட்டம், உறுதிப் பத்திரம் காட்ட முடியாத நிலமெல்லாம் அரசுக்கே உரியது என்றது. கண்டிச் சிங்களக் குடியானவன் தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்த காடு, பத்திரம் இல்லாத காரணத்தால் அவன் கையை விட்டுப் போயிற்று. இம்மலைகளின் நவீன வரலாறே ஒரு கடதாசி இல்லாமையிலிருந்து தொடங்குகின்றது என்பதை நாம் மறந்துவிடலாகாது. நிலம் இழந்த சிங்கள உழவனும், நிலம் தேடி வந்த தமிழ்த் தொழிலாளியும் ஒரே ஏற்பாட்டின் இரு பக்கங்களிலே நின்றவர்கள்.

அந்த நிலத்திலே கோப்பி வந்தது. கோப்பிக்கு ஆள் வேண்டியிருந்தது. திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களின் வறண்ட கிராமங்களிலிருந்து கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மேலும் மலையேறிப் பதுளைக்கும் மடுல்சீமைக்கும் வந்து சேர்ந்தனர். வழியிலே பேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர்கள் பலர். 1869இல் மடுல்சீமையிலேதான் கோப்பி இலையைக் கொன்ற துருநோய் முதலில் காணப்பட்டது. கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. கோப்பிக்கு ஆட்கள் பருவந்தோறும் வந்து மீண்டனர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். குடும்பம் குடும்பமாய் லயங்களில் தங்கினர். 1924இல் புகையிரதம் பதுளையை எட்டியபோது ஊவாவின் தேயிலை கொழும்புத் துறைமுகத்தோடு இரும்பாற் பிணைக்கப்பட்டது.

இனித் 'துண்டு' என்னும் சிறு கடதாசியைப் பார்ப்போம். தோட்டத்துக்கு வரும்போதே தொழிலாளி கடனாளியாக வந்தான். வழிச்செலவு, முன்பணம், அரிசி, கம்பளி எல்லாம் பெரிய கங்காணியின் கணக்கிலே அவன் பேரில் ஏறியிருந்தன. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இன்ன தொகையைச் செலுத்தினால் இன்ன ஆட்களை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் துண்டு வேண்டும். புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் மட்டும் ஆளோடு கூடவே நடக்கும். இவ்வாறாக, ஒரு மனிதனின் நடமாட்டம் அவன் கடனின் விலைச்சீட்டாக மாறியிருந்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. அதற்கு முன்னரே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்திலே கட்டி ஆட்களை அனுப்பும் முறையும் வந்திருந்தது. பெயருக்குப் பதில் எண். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு. பிற்காலத்துப் பிறப்புப் பத்திரங்களிலே பெயர்கள் சிதைந்து கிடப்பதன் காரணத்தை அறிய இதற்கு மேலும் தேட வேண்டியதில்லை.

நோயுற்றால் இம்மக்களை யார் பார்த்தார்கள்? 1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. தோட்டப் பகுதிகள் மருத்துவ மாவட்டங்களாக வகுக்கப்பட்டு, வைத்திய அதிகாரிகளும் ஆஸ்பத்திரிகளும் ஏற்பட்டன. 1912இல் இச்சட்டம் புதுப்பிக்கப்பட்டது. பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாத காலம் உணவும் உறைவிடமும் கொடுக்க வேண்டும், அக்காலத்தில் அவளை வேலைக்கு அனுப்பலாகாது, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பேண வேண்டும் என்றெல்லாம் அது விதித்தது. ஏட்டிலே இது நல்ல சட்டம்தான். ஆனால் இதன் அடிப்படை நோக்கம், நாளைக் காலை பிரட்டுக்கு எத்தனை கை வரும் என்ற கணக்கேயாகும். கூலி குறைந்தால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் இலாபம் குறையும். மருத்துவம் உரிமையாக வரவில்லை. தோட்டத்துக் கருவிகளைப் பழுது பார்க்கும் செலவோடு செலவாக வந்தது.

நாளாந்தத்தில் மருத்துவம் என்பது தோட்டத்து டிஸ்பென்சரியே. அங்கே மருந்து கலக்கிக் கொடுப்பவரைத் தொழிலாளர் 'டொக்டர் ஐயா' என்றனர். அவர் வைத்தியப் பட்டம் பெற்றவரல்லர். வேலைக்குப் போக முடியாது என்று அவர் ஒப்புக்கொண்டால்தான் நோய், நோயாகும். பிரசவம் பார்த்தவள் மருத்துவிச்சி. தாய்மார் மலைக்குப் போனபின் குழந்தைகளைப் பிள்ளை மடுவத்திலே பார்த்தவள், பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்ந்த ஒரு கிழவி. லயத்துக் காம்பராவிலே காய்ச்சற்காரிக்கு இரவு முழுதும் ஈரத்துணி போட்டவள், பக்கத்துக் காம்பராக்காரி. பிறர் உடலைப் பேணும் இந்த உழைப்பு ஒரு நாளேனும் நின்றிருந்தால் தேயிலைத் தோட்டம் நின்றிருக்கும். ஆயினும் எந்தப் பதிவேட்டிலும் இப்பெண்களுள் பெரும்பாலோரின் பெயர் இல்லை.

உலகின் பிற பாகங்களில் அக்காலத்திலேதான் பதிவேடுகள் திறக்கப்பட்டுக்கொண்டிருந்தன. பிரித்தானியாவில் தாதியர் பதிவுச் சட்டம் 1919இல் நிறைவேறிற்று. அதே 1919இல், அமெரிக்காவின் குடியேற்ற நாடாயிருந்த பிலிப்பைன்ஸிலும் தாதியர் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. மறு ஆண்டிலே அங்கு முதலாவது அரசாங்கத் தேர்வு நடந்தது. இலங்கையில் 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம் வைத்தியரையும் மருத்துவிச்சியரையும் பதிவு செய்ய வழி வகுத்தது. 1939இல் கொழும்பில் தாதியர் பயிற்சிப் பாடசாலை நிறுவப்பட்டது. பதிவேடு என்பது தொழிலாளிக்கு ஒரு கவசம். தேர்ச்சி பெற்றவள் யார் என்பதை அது சொல்கின்றது. அவள் உழைப்புக்கு ஒரு பெயரும் விலையும் தருகின்றது. அதுவே ஒரு வாயிலுமாகும். வாயிலை யார் காவல் செய்கின்றார் என்பதைப் பொறுத்தே யார் உள்ளே, யார் வெளியே என்பது தீர்மானமாகின்றது.

ஊவாத் தொழிலாளர் இதற்கிடையே வாளாவிருக்கவில்லை. 1940இல் பதுளையை அடுத்த வேவெஸ்ஸத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது, தாமே தெரிந்தெடுத்த குழுவோடு தோட்ட நிருவாகம் பேச வேண்டும் என்ற நிலையை அவர்கள் உண்டாக்கினர். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அவ்வேழுவருள் பதுளையின் எஸ். எம். சுப்பையாவும் ஒருவர். எண் பொறித்த வில்லை அணிந்து வந்தவரின் பேரப்பிள்ளைகள் வாக்குச் சீட்டிலே தம் கருத்தைப் பொறித்தனர்.

அடுத்து வந்தது 1948. இவ்வாண்டை நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அவ்வாண்டு ஜூலை 5ஆம் நாள் பிரித்தானியாவிலே தேசிய சுகாதார சேவை தொடங்கிற்று; அதன் ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய தாதியரைத் தேடி அந்நாடு அயர்லாந்துக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் கை நீட்டிற்று. அதே ஆண்டு அமெரிக்காவில் பரிமாற்றப் பார்வையாளர் திட்டம் ஏற்பட்டது. பயிற்சி என்ற பெயரில் பிலிப்பைன்ஸ் தாதியர் பல்லாயிரவர் அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்குச் சென்று முழு வேலையும் செய்தனர். அதே ஆண்டு நவம்பரில் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தந்தை அல்லது பாட்டன் இம்மண்ணிலே பிறந்தான் என்பதற்குப் பத்திரம் காட்டு என்று அது கேட்டது. பத்திரம் எழுதும் அதிகாரம் ஒருநாளும் தம் கையில் இல்லாத மக்கள் எங்கே போய்ப் பத்திரம் தேடுவர்? செல்வ நாடுகள் பிறருடைய பெண்களுக்குத் தம் பதிவேட்டைத் திறந்த அந்த ஆண்டிலேயே, நம் நாடு தன் தேயிலையைப் பறித்த பெண்களைத் தன் பதிவேட்டிலிருந்து அகற்றியது.

1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள், 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் அனுப்பப்பட்டன. அவர்களுள் ஏறத்தாழ 1,34,000 பேர்தான் பிரசைகளாக ஏற்கப்பட்டனர். 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், எஞ்சிய 9,75,000 மக்களை இரு நாடுகளும் பங்கிட வழி செய்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும். அவர்களைச் சரிபாதியாகப் பிரித்தது 1974ஆம் ஆண்டின் உடன்பாடு. பதுளையிலும் பண்டாரவளையிலும் நின்று புறப்பட்ட புகையிரதத்தை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றழைத்தனர்.

பிரசாவுரிமை இல்லாதவளுக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. அரசாங்க உத்தியோகம் இல்லையேல் அரசாங்கத் தாதியர் பயிற்சி இல்லை; பயிற்சி இல்லையேல் பதிவு இல்லை. ஒரு தலைமுறை முழுவதும் தோட்டத்துப் பெண் ஆஸ்பத்திரிக்குள் நோயாளியாக மட்டுமே நுழைந்தாள். அங்கேயும் தன் வயிற்று வலியைச் சொல்ல அவளுக்கு வாய்த்தது தமிழ் மட்டும். கேட்டவர்க்கோ பெரும்பாலும் அம்மொழி தெரியாது.

இனி அந்தக் கடனைப் பற்றிப் பேசுவோம். இலங்கை 1945இல் இலவசக் கல்வியையும், 1951இல் இலவச மருத்துவத்தையும் தன் மக்களுக்கு அளித்தது. ஆசியாவிலே பெருமைக்குரிய சாதனைகள் அவை. இடதுசாரிகள் போராடிக் காத்தவையும் ஆகும். அவற்றுக்கான பணம் எங்கிருந்து வந்தது? ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கும் மேல் தேயிலையிலிருந்தே வந்தது. தேயிலையின் ஏற்றுமதித் தீர்வை அரசாங்கத்தின் வருவாயிலே பெரும்பங்கு வகித்தது. அதே காலத்தில் தோட்டத்துப் பிள்ளை, தோட்டம் நடத்திய ஐந்தாம் வகுப்புப் பள்ளியிலேயே நின்றது. அப்பள்ளிகளை அரசாங்கம் பொறுப்பேற்றது எழுபதுகளிலும் அதன் பின்னருமே. தோட்டத்துத் தாய், தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே நின்றாள். 1973-74 பஞ்ச காலத்தில் தோட்டங்களின் சிசு மரணம் நாட்டின் சராசரியை வெகுவாக விஞ்சியது. பிறர் படிப்பதற்கும் பிறர் பிழைப்பதற்கும் பணம் தேடிக் கொடுத்த மக்கள், தாம் கொடுத்ததிலே மிகச் சிறு பங்கையே பெற்றனர். நாட்டின் கணக்கேட்டிலே தோட்டம் கடனாளியன்று. கடன் கொடுத்த இடம்.

எண்பதுகளில் கதவுகள் மெல்லத் திறந்தன. 1983 ஜூலையில் பதுளை நகரிலே தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அந்தச் சாம்பலுக்கிடையிலேதான் இதுவும் நடந்தது. 1986இலும் 1988இலும் நாடற்றவர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டங்கள் நிறைவேறின. எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. அதே 1988இல் இலங்கைத் தாதியர் சபைச் சட்டமும் நிறைவேறிற்று. நாட்டின் பதிவேடும் தொழிலின் பதிவேடும் ஒரே ஆண்டிலே சட்டமாயின. ஆனால் அதற்கு முன்பே, 1985இல், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சட்டத்தால் அமைக்கப்பட்டிருந்தது. தோட்டத்துப் பெண்கள் முதலில் சென்றது அவ்வழியே. மத்திய கிழக்கு நாடுகளின் வீடுகளில் குழந்தையைக் குளிப்பாட்டி, முதியவரைத் தூக்கி உட்கார வைத்து, நோயாளிக்கு மருந்தூட்டினர். தாதியின் வேலையை அவர்கள் செய்தனர். பணிப்பெண் என்றே அவர்கள் எழுதப்பட்டனர்.

இப்பின்னணியிலேதான் இன்று ஒரு தோட்டத்து மகள் தாதியாகின்றாள். உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் ஊவாவிலே மிகச் சில. இரசாயனத்துக்கு ஆசிரியர் உண்டென்றால் பௌதிகத்துக்கு இல்லை. இரண்டும் உண்டென்றால் ஆய்வுகூடம் இல்லை. அவற்றையெல்லாம் தாண்டித் தேறுபவள், பதுளையிலே இருக்கும் பயிற்சிப் பாடசாலையிலோ வேறெங்குமோ மூன்றாண்டு பயின்று பதிவு பெறுகின்றாள். அடுத்த நாளே வேறு நாட்டுப் பதிவேடு அவளை அழைக்கின்றது. பிரித்தானியாவுக்கானால் ஆங்கிலத் தேர்வு, கணினி வழித் தேர்வு, அங்கு சென்றபின் செய்முறைத் தேர்வு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டணம். 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட் சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டதே ஒரு நீண்ட போராட்டத்தின் பயன் என்பதை எண்ணினால், தாய் எத்தனை கூடை கொழுந்தால் அக்கட்டணங்களை அடைப்பாள் என்று கணக்கிடலாம். குறை விழும் இடத்திலே முகவரின் கடன் நுழைகின்றது. துண்டு ஒழிந்து நூறாண்டு கடந்தபின்னும் பயணம் கடனோடுதான் தொடங்குகின்றது.

இவ்வழியிலே நமக்கு முன் சென்றது பிலிப்பைன்ஸ். அமெரிக்கர் அங்கே தம் மொழியிலும் தம் பாடத்திட்டத்திலும் தாதியரைப் பயிற்றினர். 1965இல் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் தளர்ந்ததும் தாதியர் கூட்டங் கூட்டமாய்ச் சென்றனர். 1974ஆம் ஆண்டின் தொழிற் சட்டத்தின் மூலம் மார்க்கோஸ் அரசு ஆள் அனுப்புதலையே நாட்டின் கொள்கையாக்கியது. தாதியர் கல்லூரிகள் பெருகின. வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்த்துப் பெற்றோர் நிலத்தை விற்றுப் படிக்க வைத்தனர். 2006க்குப் பின் அமெரிக்க விசாக்கள் தேங்கின. பின்னர் உலகப் பொருளாதார நெருக்கடியும் வந்தது. புதிதாய்த் தேறிய பல்லாயிரம் தாதியர் வேலையின்றி நின்றனர். வெளிநாடு கேட்கும் அனுபவச் சான்றிதழுக்காகத் தம் நாட்டு ஆஸ்பத்திரிகளிலே 'தொண்டர்' என்ற பெயரில் சம்பளமின்றி உழைத்தனர். சிலர் அதற்குக் கட்டணமும் செலுத்தினர். அதே நாட்டின் கிராமங்களிலோ தாதி இல்லை. மிகுதியும் பற்றாக்குறையும் ஒரே நாட்டில் ஒரே வேளையில் நிலவின. சந்தைக்காக ஆளை விளைவித்தால், சந்தை சாயும்போது ஆளும் சாய்வாள் என்பதே அங்கிருந்து நாம் கற்கும் பாடம்.

இலங்கையும் அத்திசையிலே அடியெடுத்து வைத்துள்ளது. 2022இல் நாடு கடனைத் தீர்க்க முடியாது நின்றபோது, அரசாங்க ஊழியர் ஊதியமற்ற விடுமுறையிலே ஐந்தாண்டு வரை வெளிநாடு சென்று உழைக்கலாம் என்ற சுற்றறிக்கை வந்தது. வார்டுகள் மெலிந்தன. அரசே வாயிலைத் திறந்து, டாலர் அனுப்பு என்று சொல்லிவிட்டு, போகின்றவளை நன்றியற்றவள் என்று வைவது எங்ஙனம் நேர்மையாகும்?

2020இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி உலகிலே தாதியர் 2 கோடியே 79 இலட்சம் பேர். பற்றாக்குறை 59 இலட்சம். எட்டுத் தாதியருள் ஒருவர் தாம் பிறந்த அல்லது பயின்ற நாட்டுக்கு வெளியே பணிபுரிகின்றார். ஆள் எடுக்கும் நாடுகள் ஆள் அனுப்பும் நாடுகளின் சுகாதாரத்துக்கு ஊறு செய்யலாகாது என்ற நெறிக்கோவையை அந்நிறுவனம் 2010லேயே வகுத்தது. அது வேண்டுகோள், சட்டமன்று. தாதியை மூன்றாண்டு பயிற்றிய செலவு ஏழை நாட்டின் கணக்கிலே கிடக்க, அவள் உழைப்பின் பயன் செல்வ நாட்டின் கணக்கிலே ஏறுகின்றது. கோப்பிக் காலத்தில் கங்காணி மூலம் நடந்த வரவு செலவின் திசை இன்னும் மாறவில்லை.

ஆகவே நாம் வற்புறுத்துவது இது: போகின்றவளின் வாயிலை அடைக்கக் கூடாது. இருநூறாண்டுகளாகப் பிறர் சொன்ன இடத்துக்குப் போன ஒரு சமூகத்திலே, தன் பெயரில் பதிவு பெற்றுத் தான் விரும்பிய இடத்துக்குப் போகும் முதல் பெண் அவள். அவள் தங்க வேண்டுமென நாடு விரும்பினால், தங்குவதற்குரிய நிலைமையை நாடு உண்டாக்கட்டும். ஊவாவின் தமிழ்ப் பாடசாலைகளுக்கு விஞ்ஞான ஆசிரியரையும் ஆய்வுகூடத்தையும் கொடுக்கட்டும். தோட்டத்து மருத்துவ நிலையங்கள் அனைத்தையும் பொதுச் சுகாதார சேவையோடு இணைத்து, அங்கே நோயாளியின் மொழி பேசும் பதிவு பெற்ற தாதியை நியமிக்கட்டும். ஆள் எடுக்கும் நாட்டோடு ஒப்பந்தம் செய்து பயிற்சிச் செலவைத் திரும்பப் பெறட்டும். முகவரின் கட்டணத்தை ஆள் எடுக்கும் ஆஸ்பத்திரியின் தலையிலே சுமத்தட்டும். இவை எட்டாக் கனிகளல்ல. ஆசிரியர் சங்கங்களும் தாதியர் சங்கங்களும் தோட்டத் தொழிற்சங்கங்களும் ஒரே மேடையிலே நின்று கேட்டால் பெறக்கூடியவை.

அதுவரை, கோப்புடன் வீடு தேடி வரும் பழைய மாணவிக்கு நம் ஆசிரிய நண்பர்கள் தொடர்ந்து உதவுவார்கள் என்பதில் ஐயமில்லை. அச்சத்தியக் கடதாசியை எழுதும்போது அவளைச் சற்று உட்கார வைத்து, அந்தப் பெயர் ஏன் பிழையாயிற்று என்ற கதையையும் அவளுக்குச் சொல்லுங்கள். அவள் எங்கே பணிபுரிந்தாலும், தான் யாருக்கும் கடனாளியாகப் புறப்படவில்லை என்பதை அறிந்து புறப்படட்டும்.